எரிமலை விளிம்பில் எத்தனை நிமிடம் நிற்கலாம்?

போன கிழமை அக்காவின் மகன் கோண்டாவிலில் இருந்து தொலைபேசி எடுத்தான். அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் இருக்கும் ப்ரோமோ எரிமலைக்குப் போகத் திட்டம் போடுகிறார்களாம். "மாமா, நீங்கள் போனனீங்கள்தானே, இப்ப போனால் ஆபத்தோ? யூரியூப்பில ஆக்கள் விளிம்பில நிண்டு செல்பி எடுக்கினம், ஒண்டும் நடக்கேல்லை" என்று கேட்டான். அரை மணித்தியாலம் கதைத்தும் அவன் கேட்டதற்கு முழுதாகப் பதில் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் ஆறுதலாக இருந்து இதை எழுதுகிறேன், அந்தப் பக்கம் போக நினைக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

கடலைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ கேட்டால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் ஏதாவது சொல்லும். எரிமலை அப்படி இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் மயோசீன் காலத்துக் கடலடியில் சிப்பியும் பவளமும் சேர்ந்து இறுகிய கல். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல்லைத் தண்ணீர் கரைத்த வேலை. இலங்கை முழுக்கத் தேடினாலும் ஓர் எரிமலை கிடையாது. திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அடியில் எரிமலை இருக்கிறது என்று சொல்லுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன், அதுவும் சரியில்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே இயல்பாக இருக்கிற சூட்டில் காய்ந்து மேலே வருகிறது, அவ்வளவுதான். நெருப்பைக் கக்கும் மலை எங்களுக்குப் படத்தில் பார்த்த சங்கதி மட்டும், ஆகவே அதைப் பார்த்தால் எப்போது பயப்படவேண்டும் எப்போது பயப்படத் தேவையில்லை என்ற உணர்வும் எங்களிடம் இல்லை.

ஆனால் அந்த மலைகளுக்கும் எங்களுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமுடியாது. 2004 டிசம்பர் 26 காலை வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் கடல் அள்ளிக்கொண்டு போனதே, அந்த நிலநடுக்கம் எங்கே வந்ததோ அந்தக் கோட்டின் நீட்சிதான் ஜாவாவின் எரிமலைகளையும் செய்கிறது. இந்து சமுத்திரத்தின் அடித்தட்டு சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் கீழே ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் சரிந்து புகுந்துகொண்டிருக்கிறது. புகும்போது சிக்கிக்கொண்டு பிறகு விடுபட்டால் அது நிலநடுக்கம், சில வேளை சுனாமி. சிக்காமல் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்த பகுதி, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தில், தான் கொண்டுபோன தண்ணீரை வெளியே விடுகிறது. அந்த நீர் மேலே இருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிட, பாறை உருகிக் குழம்பாகி மேலே ஏறுகிறது. இதை முதன்முதலில் விளங்கிக்கொண்டபோது எனக்குக் கொஞ்சநேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை: எங்கள் கரையில் அத்தனை உயிரைக் கொண்டுபோன அதே அசைவுதான் அந்த மலைகளையும் புகைய வைத்துக்கொண்டிருக்கிறது.

1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையில் க்ரகடோவா வெடித்தபோது 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானோர் அலையில். அந்தச் சத்தம் 4,800 கிலோமீற்றர் தள்ளி றொட்றிக்ஸ் தீவு வரைக்கும் கேட்டது, இலங்கையிலும் தூரத்துப் பீரங்கி வெடிப்பது போலக் கேட்டதாகப் பதிவுகள் உண்டு. சாவகச்சேரி என்ற பெயரே சாவகர், அதாவது ஜாவாக்காரர், இருந்த சேரி என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அந்தப் பக்கத்து மனிதர்களும் எங்களுக்குப் புதியவர்கள் இல்லை.

சரி, ப்ரோமோவுக்கு வருவோம். எரிமலைப் பூங்கா என்றதும் எல்லோருக்கும் மனதில் வருவது ஹவாய்ப் படம்: சிவந்த குழம்பு ஆறு போல ஓட, மனிதர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார்கள். அங்கே கீலவேயா என்ற எரிமலையின் உச்சியில் 1912 இலேயே ஆய்வுநிலையம் வைத்துவிட்டார்கள், 1916 இல் அந்த இடம் தேசியப் பூங்காவானது. 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பில் குழம்பு விட்டு விட்டு ஊற்றாகப் பீறியது, சில தடவை 300 மீற்றருக்கும் மேலே. அப்படியிருந்தும் பூங்காவைத் திறந்து வைத்து, குழியின் விளிம்பில் குறித்த இடங்களில் நின்று சனத்தைப் பார்க்கவிட்டார்கள். ஜாவாவில் அப்படி ஒரு துணிச்சல் கூடாது, காரணம் குழம்பின் தடிப்பு.

ஒடியல் கூழ் காய்ச்சும் பானைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வெறும் தண்ணீர் கொதித்தால் குமிழி மேலே வந்து தன்பாட்டில் உடையும். கூழ் தடிக்கத் தடிக்கக் குமிழி வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே பெருத்துப் பெருத்து, கடைசியில் பொத்தென்று வெடித்துக் கையைச் சுடும். ஹவாயின் குழம்பு தண்ணியானது, வாயு பெரும்பாலும் சுலபமாக வெளியேறிவிடும். ஜாவாவின் குழம்பில் சிலிக்கா கூட, பிசுபிசுப்பும் கூட, தட்டோடு போன தண்ணீரின் ஆவியும் அதற்குள் நிறையக் கரைந்து கிடக்கும். அதனால் அங்கே குழம்பு ஓடுவதைவிட வெடித்துச் சிதறுவதே வழக்கம். ஹவாயில் எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு ஜாவாவில் எவ்வளவு கிட்டப் போகலாம் என்று முடிவெடுக்கக்கூடாது. ஹவாயும் சும்மா இல்லை. 2018 இல் உச்சிக் குழியின் அடித்தளம் ஏறத்தாழ 500 மீற்றர் கீழே இறங்கியது, மலையின் கீழ்ச்சரிவில் ஏறத்தாழ 700 வீடுகள் குழம்புக்குள் போயின, பூங்காவின் பெரும்பகுதியை நான்கு மாதத்துக்கு மேல் மூடித்தான் வைத்திருந்தார்கள்.

ப்ரோமோ இருப்பது ப்ரோமோ தெங்கர் செமெரு தேசியப் பூங்காவில். பெயரைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு விளங்கிவிடும்: ப்ரோமோ என்பது பிரமன், செமெரு என்பது மேரு. அதிகாலை மூன்று மணிக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பெனஞ்சாகான் என்ற உயரமான இடத்துக்குக் கொண்டுபோவார்கள், அது 2,770 மீற்றர். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுகிற எங்களுக்கு அந்தக் குளிர் எலும்பில் ஏறும். விடியும்போது கீழே பெரிய சட்டி மாதிரி ஒரு பள்ளம், பழைய பெரிய எரிமலை ஒன்று இடிந்து விழுந்த இடம், பத்துக் கிலோமீற்றர் அளவுக்கு அகலம். அதன் நடுவில், பனிமூட்டத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, மடிப்பு மடிப்பாக வடித்த கூம்பு ஒன்று தெரியும். முதலில் பார்க்கிறவர்கள் அதுதான் ப்ரோமோ என்று நினைத்துவிடுவார்கள். அது பத்தோக், ஓய்ந்துபோன மலை. பக்கத்தில் தலை வெட்டுண்டது போல வாயைத் திறந்துகொண்டு வெள்ளைப் புகை விடுவதுதான் 2,329 மீற்றர் உயரமான ப்ரோமோ. அவற்றுக்குப் பின்னால் தூரத்தில் 3,676 மீற்றர் செமெரு நிற்கும், நான் பார்த்துக்கொண்டு நிற்கவே அது ஒரு சாம்பல் உருண்டையை மெல்ல வானத்துக்கு அனுப்பியது. ஒருவரும் கதைக்கவில்லை.

பிறகு கீழே இறங்கிச் சாம்பல்மணல் வெளியைக் கடந்து, குதிரையிலோ நடந்தோ மலையடிக்குப் போய், இருநூற்றைம்பது வரையான படிகளில் ஏறினால் வாயின் விளிம்பு. எனக்கு இப்போதும் காதில் நிற்பது அந்தச் சத்தம். மாரிக்காலத்து இரவில் வல்லிபுரக் கோயில் பக்கமிருந்து கேட்கும் கடல் இரைச்சலைப் போல, ஆனால் அலைக்கு அலை ஓய்கிற இடைவெளி இல்லாமல், ஒரே மூச்சாக.

மலையடி மணல்வெளியில் ஒரு கோயில் இருக்கிறது, புரா லுகூர் போத்தென் என்று பெயர். இந்தப் பக்கத்தில் வாழும் தெங்கர் மக்கள், ஜாவா பெரும்பாலும் இஸ்லாமுக்கு மாறிய பிறகும், தங்கள் இந்து வழிபாட்டை விடாமல் வைத்திருப்பவர்கள். செங்குத்தான சரிவுகளில் உருளைக்கிழங்கும் கோவாவும் வெங்காயத்தாரும் பயிரிடுகிறார்கள், வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் வெங்காயப் பாத்திக்கு நடுவே வளர்ந்தவர்கள் அந்தச் சரிவுகளைப் பார்த்தால் காலை எங்கே வைத்து நிற்கிறார்கள் என்று வியந்துபோவார்கள். அவர்களுடைய கதை இது: றோரோ அந்தெங், ஜோகோ செகெர் என்ற தம்பதிக்குப் பிள்ளை இல்லை. மலையிடம் வேண்டினார்கள், கடைசிப் பிள்ளையைத் தருகிறோம் என்று நேர்ந்தார்கள். 25 பிள்ளைகள் பிறந்தன, நேர்த்தியை நிறைவேற்ற மனம் வரவில்லை. மலை பொங்கியது, கடைசி மகன் குசுமா தானாகப் போனான், போகும்போது ஆண்டுக்கு ஒருமுறை விளைந்ததில் கொஞ்சம் கொண்டுவந்து போடச் சொன்னான். அந்த இருவரின் பெயர்களின் கடைசி அசைகளைச் சேர்த்தால் தெங்கர். இன்றைக்கும் கசாதா மாதத்து முழுநிலவை ஒட்டி மரக்கறி, நெல், பூ, கோழி, ஆடு எல்லாம் சுமந்துகொண்டு அந்தப் படிகளில் ஏறி வாய்க்குள் போடுகிறார்கள். தைப்பூசத்தில் புதிர் எடுக்கிற எங்களுக்கு அந்த மனம் விளங்காமல் போகாது. விளிம்புக்கு உட்பக்கச் சரிவில் சிலர் வலையோடு நின்று விழுகிற பொருட்களைப் பிடிப்பார்கள், அது தெய்வக் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை.

தெங்கர் ஆட்கள் அங்கே கும்பிட ஏறுகிறார்கள், நாங்கள் பார்க்க ஏறுகிறோம், மலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. என்ன நடக்கக்கூடும் என்பதைத்தான் மருமகனுக்கு நான் விளக்கமுயன்றேன்.

எல்லோரும் குழம்புக்குத்தான் பயப்படுகிறார்கள். விளிம்பில் நிற்கிற ஒருவரைக் கொல்லுவது பெரும்பாலும் குழம்பு அல்ல, நீராவி. மழைத்தண்ணீரும் நிலத்தடி நீரும் வாயின் கீழே பாறைக்குள் தேங்கிச் சூடேறுகின்றன. மேலே ஏதோ ஒரு துவாரம் அடைபட்டாலோ ஒரு வெடிப்பு திறந்தாலோ, அந்தத் தண்ணீர் நொடியில் ஆவியாகிறது, சாதாரண அமுக்கத்தில் தண்ணீர் ஆவியானால் அதன் கனவளவு ஏறத்தாழ 1,700 மடங்கு. மேலே கிடக்கும் கல்லெல்லாம் சிதறும். இதற்குப் புதுக் குழம்பு மேலே ஏறத் தேவையில்லை, அதுதான் சிக்கல். எரிமலையைக் கண்காணிக்கும் கருவிகள் நில அதிர்வையும், மலை வீங்குவதையும், வாயு கூடுவதையும் அளக்கின்றன. குழம்பு ஏறினால் இவை மூன்றும் பெரும்பாலும் நாட்கணக்கிலோ கிழமைக்கணக்கிலோ முன்னரே மாறும், ஆட்களை அகற்ற நேரம் கிடைக்கும். நீராவி வெடிப்புக்கு அப்படி முன்னோட்டம் பல தடவை கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பல வேளை நிமிடங்கள்தான்.

2014 செப்டெம்பர் 27, ஜப்பானின் ஒன்தாகே மலை. சனிக்கிழமை, நல்ல வெயில், இலையுதிர்காலத்து நிறம் பார்க்க வந்த மலையேறிகள் மதியச் சாப்பாட்டுக்கு உச்சியில் இருந்த நேரம். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 63 பேர். அன்றைக்கு அந்த மலைக்கு எச்சரிக்கை நிலை 1, மிகக் குறைந்தது. அந்த நிலைக்கு அப்போது அவர்கள் வைத்திருந்த சொல் 'வழமை' என்ற பொருள் கொண்டது. அடுத்த ஆண்டே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'இது உயிருள்ள எரிமலை என்பதை மனதில் வைக்கவும்' என்ற பொருள்படும் வாசகத்தைப் போட்டார்கள். மலை மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பி ஏறியவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் நெஞ்சு கனக்கும். 2019 டிசம்பர் 9 இல் நியூசிலாந்தின் வக்காரித் தீவில் 47 பேர் நிற்கும்போது வெடித்தது, 22 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பர் 3 இல் சுமாத்திராவின் மராப்பியில் 24 மலையேறிகள் இறந்தார்கள். அங்கே நிலை 2, வாயிலிருந்து 3 கிலோமீற்றருக்குள் போகவேண்டாம் என்ற அறிவுறுத்தல் இருந்தது, ஆனாலும் ஏற அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ப்ரோமோவிலேயே 2004 ஜூன் மாதம் ஒரு சிறிய வெடிப்பில் இரண்டு பேர் இறந்தார்கள். யூரியூப்பில் நூறு பேர் ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்த காணொளி இருக்கும், நடந்த அன்று அங்கேயே இறந்தவர்கள் காணொளி போட்டிருக்க மாட்டார்கள்.

இந்தோனேசியாவில் ஆபத்து கூடக் கூட ஒன்றிலிருந்து நான்கு வரை நான்கு நிலைகள்: நோர்மல், வஸ்பதா, சியாகா, அவாஸ். அவற்றை அறிவிப்பது அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம், மக்மா இந்தோனேசியா என்ற அவர்களுடைய தளத்தில் எல்லா மலைகளின் அன்றைய நிலையையும் பார்க்கலாம், ஜீப்காரரையோ ஹோட்டல்காரரையோ கேட்கத் தேவையில்லை. ப்ரோமோ இரண்டாம் நிலையில் இருக்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை வாயிலிருந்து 1 கிலோமீற்றர். படிக்கட்டு முழுக்க அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆகவே அன்றைக்கு அப்படி அறிவித்திருந்தால், படியில் எவ்வளவு சனம் ஏறினாலும், உங்களைக் கூட்டிவந்தவர் "பிரச்சினை இல்லை" என்றாலும், பெனஞ்சாகானோடு நின்றுவிடவேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஏ-9 வீதியால் முகமாலையைக் கடந்து போய்வந்தவர்கள் மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்ததும் இந்தப் பக்கம் இருந்ததும் ஒரே புல், ஒரே வடலி, ஒரே வெயில். மாடு கூட அங்கே மேய்ந்துகொண்டு நிற்கும். ஆனாலும் யாரும் "மாடு மேயுதுதானே" என்று காலை வைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கோட்டை நிலத்துக்குள் என்ன கிடக்கிறது என்று தேடித் தெரிந்தவர்கள் போட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எரிமலைக் கோடும் அப்படித்தான் போடப்படுகிறது, ஒரு வித்தியாசம், அது இடம் மாறும். போன மாதம் போனவனுக்கு இருந்த எல்லை இன்றைக்கு இருக்காது. அதனால் ரிக்கற் போடும்போது பார்த்தது போதாது, போகிற முதல்நாள் இரவும் பார்க்கவேண்டும்.

வாயுவைப் பற்றியும் ஒரு சொல். விளிம்பில் தொண்டையைக் கரிக்கிற நெடி வந்தால் அது கந்தக ஈரொட்சைட்டு, தொய்வு வருத்தம் உள்ளவர்கள் உடனே இறங்கவேண்டும், சாம்பலுக்குப் போடுகிற முகக்கவசம் இந்த வாயுவைத் தடுக்காது. அதைவிடப் பொல்லாதது மணமே இல்லாத காபனீரொட்சைட்டு, காற்றைவிடப் பாரம், பள்ளங்களில் போய்த் தேங்கும். பாழ்கிணற்றில் இறங்கமுன் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கி அணைகிறதா என்று பார்த்த அப்புமார் இதே வாயுவுக்குத்தான் பயந்தார்கள். ஜாவாவின் தியெங் மேட்டுநிலத்தில் 1979 இல் வெடிப்பிலிருந்து தப்பியோடிய நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வழியிலேயே இந்த வாயுவில் மூச்சடைத்து இறந்தார்கள். ஆகவே வாய்க்குள்ளோ பக்கத்துப் பள்ளங்களிலோ படம் எடுக்க இறங்கவே கூடாது.

மழை பெய்தால் செமெருப் பக்கத்து ஆறுகளை விட்டு விலகி இருக்கவேண்டும், சாம்பலும் தண்ணீரும் சேர்ந்த சேறு ஓடிவரும். 2021 டிசம்பர் 4 இல் கடும் மழையின்போது செமெருவின் உச்சிப் படிவுகள் சரிந்து சூட்டுச் சாம்பல் ஊர்களுக்குள் இறங்கி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். சாம்பல் என்பது விறகுச் சாம்பல் இல்லை, நுண்ணிய கண்ணாடித் தூள், கண்ணில் விழுந்தால் கசக்கக்கூடாது. இன்னொன்று, மலையை நாங்களும் காயப்படுத்துவோம்: 2023 செப்டெம்பரில் கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு ஒன்றுக்குக் கொளுத்திய புகைத்தீ அங்குள்ள புல்வெளியில் பற்றி 500 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது, தெங்கர் ஊர்களுக்கு வரும் தண்ணீர்க் குழாய்களும் எரிந்துபோயின.

மருமகன் கடைசியாகக் கேட்டது இதுதான்: நிலை ஒன்று என்றால் விளிம்புக்குப் போகலாம்தானே? போகலாம் என்று சொன்னேன். நீராவி வெடிப்பை யாராலும் முன்கூட்டிச் சொல்லமுடியாது என்றால் எங்கள் கையில் மிஞ்சுவது நேரம் மட்டும், ஒரு மணித்தியாலம் நிற்கிறவனுக்கு இருக்கிற ஆபத்தில் ஆறில் ஒரு பங்குதான் பத்து நிமிடம் நிற்கிறவனுக்கு. மேலே ஏறு, அந்தச் சத்தத்தைக் கேள், உள்ளே பார், கும்பிடத் தோன்றினால் கும்பிடு, படத்தை இரண்டோடு நிறுத்து, பத்து நிமிடத்தில் இறங்கு, காலைச் சாப்பாட்டைக் கீழே ஊருக்குள் வந்து சாப்பிடு என்றேன். "பத்து நிமிசத்துக்காகவோ மாமா இவ்வளவு காசும் செலவழிச்சுப் போறது?" என்று கேட்டான். நான் நின்றது ஏழு நிமிடம், அதை இன்றைக்கும் மறக்கவில்லை என்று சொன்னேன்.